அக்காவின் சாளையும் என் பொறாமையும்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது, அக்கா மகன் தனக்குப் பாடம் நடத்திய தமிழாசிரியரைக் கேட்கலாம் என்றான். அவர் அழகாக எழுதக்கூடியவர். அக்காவின் வீட்டுக்குப் பலமுறை வந்து போனவர். அதைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. "உங்கம்மாவப் பத்தி எழுத அவரு யாரு கண்ணு? நான் எழுதறேன்" என்று சொல்லிவிட்டேன். அக்கா விஷயத்தில் எனக்கு எல்லாமே இப்படித்தான் தொடங்கும். ஆகவே இந்தக் கட்டுரையில் எதையும் மறைக்கப் போவதில்லை. உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் பிறந்தார். எங்கள் அப்பாவும் அம்மாவும் அந்தத் தோப்பில் வேலை செய்தார்கள். தோட்டத்தில் ஆட்கள் குடியிருப்பதற்காக ஓடு வேய்ந்து கட்டும் சிறிய வீட்டை எங்கள் பக்கம் சாளை என்போம். எங்கள் சாளைக்கு ஒரே அறை. கிழக்கு மூலை அக்காவுக்கு, மேற்கு மூலை அவரைவிட ஆறு வயது இளையவளான எனக்கு. அக்கா தன் மூலையில் சுண்ணாம்போடு துளி நீலம் கலந்து பூசியிருந்தார். தேங்காய்நார்க் கயிற்றில் ஒரு பலகையைக் கட்டித் தொங்கவிட்டு, அதன்மேல் புத்தகங்களையும், காலியான மருந்து பாட்டிலில் ஆவாரம்பூவையும் வைத்திருந்தார். வேலை முடிந்து வரும் அப்பா கைகால் கழுவிவிட்டு நேராக அந்த மூலைக்குப் போய் உட்காருவார்.

"இங்க உக்காந்தாத்தான் குளுகுளுன்னு இருக்குது" என்பார்.

ஒரே அறை, ஒரே கூரை. என் மூலையில் மட்டும் என்ன வெயிலா அடித்தது? ஒரு நாள் அந்த பாட்டிலை உடைத்துவிட்டு, பூனை தட்டிவிட்டது என்று சொன்னேன். மறுநாளே அக்கா வேறு பாட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார். அதை உடைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

அக்கா பத்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பா மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டார். அதோடு அக்காவின் படிப்பு நின்றது. தையல் கற்றுக்கொண்டு ஊரில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் மிதித்த மிஷினில்தான் நான் கல்லூரி வரை போனேன். காந்திபுரத்தில் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது நான் உடுத்திப் போன சுடிதார்கூட அக்கா தைத்ததுதான். இதை நன்றியோடு எழுதுகிறேன். நன்றியும் பொறாமையும் ஒரே நெஞ்சில் குடியிருக்குமா என்று யாராவது கேட்டால், இருக்கும் என்று நான் சொல்வேன்.

அக்காவை ஆனைமலையில் கட்டிக் கொடுத்தோம். மாமா லாரி ஓட்டுநர். மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். கல்யாணமாகிப் பல வருடம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, ஒரு தோட்டத்தின் ஓரத்தில் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த பழைய சாளை ஒன்றை இருவரும் வாங்கினார்கள். நான் போய்ப் பார்த்தபோது ஓட்டுக்குள் அணில் கூடு கட்டியிருந்தது. "இதுல எப்படிங்கக்கா இருக்கப் போறீங்க?" என்று கேட்டேன். கவலையோடு கேட்டதாகத்தான் அன்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வருடத்தில் அந்தச் சாளை வேறாகிவிட்டது. இடித்த வீடுகளின் மரச்சாமான்களை விற்கும் கடை பொள்ளாச்சியில் ஒன்று உண்டு. அங்கே கிடந்த ஒரு பழைய கதவை வாங்கிப் படுக்கப்போட்டுக் கால் வைத்துச் சாப்பாட்டு மேசை ஆக்கினார் அக்கா. தக்காளி வரும் மரப்பெட்டிகளைத் தேய்த்து அடுக்கிப் புத்தக அலமாரி செய்தார். மாமாவின் பழைய வேட்டிகள் ஓரத்தில் கொக்கிப் பின்னலோடு ஜன்னல் திரைகளாயின. கிழிந்த நூல் சேலைகளை நாடாவாகக் கிழித்து, சடை போலப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்துப் பெரிய விரிப்பாக்கிக் கூடத்தில் போட்டார். விளிம்பு உதிர்ந்த எனாமல் தட்டுகள் சுவரில் வரிசையாகத் தொங்கின. கண்ணாடி உடைந்த பழைய ஜன்னல் சட்டம் ஒன்றில் குடும்பப் புகைப்படங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் யாரோ வேண்டாம் என்று கழித்திருந்தார்கள். அது அக்காவின் வீட்டுக்குள் வந்த பிறகு, எங்கே கிடைத்தது என்று எல்லாரும் கேட்டார்கள்.

அதே காலத்தில் நானும் வடவள்ளியில் மாடி வீடு கட்டினேன். அதற்கென்று படித்த ஒருவரை வைத்து உள் அலங்காரம் செய்தோம். பளபளவென்ற தரை, மறைவிளக்குப் போட்ட கூரை, வெள்ளை சோபா. புதுமனைப் புகுவிழாவுக்கு வந்த பெரியம்மா சோபாவின் நுனியில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஊடு நல்லாத்தான் அம்மணி இருக்குது. ஆஸ்பத்திரியாட்ட அத்தன சுத்தமா இருக்குது."

பெரியம்மா பாராட்டாகத்தான் சொன்னார். நான் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

வெளியூரிலிருந்து வரும் சொந்தங்கள் என் வீட்டில் காபி குடித்துவிட்டு, அக்கா வீட்டில் போய்த் தங்குவார்கள். என் மகள் பள்ளி விடுமுறை தொடங்கும் முன்பே ஆனைமலைக்குப் பெட்டி கட்டி வைத்திருப்பாள். ஏ.சி. இல்லாமல் கண் மூடாதவர் என் கணவர். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா பின்னிய விரிப்பில் சாய்ந்து இரண்டு மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கினார். ஊர் திரும்பும் வழியெல்லாம் அவரிடம் நான் பேசவில்லை. ஏன் என்று அவருக்குத் தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்.

நானும் முயன்று பார்த்தேன். பழையது போலத் தோன்றும்படி புதிதாகச் செய்த மேசை ஒன்றை வரவழைத்தேன். வண்ணம் அங்கங்கே உரிந்து, கீறல் விழுந்து, பார்வைக்கு நன்றாகவே இருந்தது. அக்கா வந்தபோது அதைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல மேசைய யாரு அம்மணி இப்படிக் கீறி வெச்சது? கடைல சொல்லி மாத்திக்க வேண்டீதுதானே" என்றார்.

கேலியாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையாகவே வருத்தப்பட்டார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இனி எழுதப்போவதை இதுவரை உங்களில் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாள் அக்கா தொலைபேசியில் பேசும்போது குரலிலேயே மகிழ்ச்சி தெரிந்தது.

"பொள்ளாச்சிக் கடைல ஒரு கண்ணாடி அலமாரி பாத்து வெச்சிருக்கேன் கண்ணு. தேக்கு. கண்ணாடியில பூ செதுக்கியிருக்குது. மாமா லோடு எறக்கிப்போட்டு ஒண்ணாந்தேதி வாராரு. வந்ததும் போயி எடுத்துக்கோணும். கடைக்காரர்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன்."

மறுநாள் நான் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பொள்ளாச்சிக்குப் போனேன். கடைக்காரர் முதலில் தயங்கினார்.

"ஆனைமலை அக்கா கேட்டு வெச்சிருக்காங்க, தர முடியாதுங்களே" என்றார்.

"நான் அவங்க தங்கச்சிதானுங்க. அக்காதான் எடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்றேன்.

அந்த அலமாரி ஒரு சின்ன வண்டியில் ஏறி வடவள்ளிக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த மாதம் அக்கா வந்தார். கூடத்தில் நின்ற அலமாரியைப் பார்த்தார். கதவைத் திறந்தார்; அது பாதியில் சிக்கியது. "கீல் இறுகியிருக்குது. கொஞ்சம் தேங்காயெண்ண கொண்டா" என்றார். எண்ணெய் விட்டு, துணியால் துடைத்து, உட்பக்கம் ஒட்டியிருந்த பழைய காகிதத்தைச் சுரண்டி எடுத்து, சாயங்காலம் வரை அதோடு இருந்தார். நான் சமையலறையில் தேவையில்லாத பாத்திரங்களையெல்லாம் கழுவிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது, "கூடத்துல எடஞ்சலா இருக்குது. மாடிப்படிக்குக் கீழ தள்ளி வெச்சுப்போடு, நல்லா இருக்கும்" என்றார். அப்படியே செய்தேன். எட்டு வருடம் அது அங்கேயே நின்றது. அதன் அருகே யாரும் நின்று பார்த்ததில்லை. என் வீட்டுக்குள் வந்தால் எந்தச் சாமானும் செத்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அக்காவின் சிறுநீரகம் கெட்டது. வாரம் இரண்டு முறை கோவையில் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆனைமலையிலிருந்து போய்வர உடம்பு தாங்காது என்பதால் மாமாவிடம் பேசி என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். கீழ்த்தள அறையில் நான்கு மாதம் இருந்தார். அவரைப் பார்க்க நாள்தோறும் ஆட்கள் வந்தார்கள். ஆனைமலையில் அக்காவிடம் தையல் படித்த பெண்கள், பக்கத்துத் தோட்டத்தார், மாமாவோடு லாரி ஓட்டியவர்கள், பொள்ளாச்சிக் கடைக்காரர். என் வீடு அவ்வளவு மனிதர்களைப் பார்த்தது அதுதான் முதல் முறை. வெள்ளை சோபா அழுக்கானது. வந்தவர்கள் என்னைத் தாண்டி அந்த அறைக்குப் போனார்கள். காபித் தட்டோடு வாசலில் நிற்கும்போது, நோயாளி மீதுகூடப் பொறாமைப்பட என்னால் முடிகிறதே என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு மதியம் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அறைக் கதவு வழியாக அலமாரி தெரிந்தது. சொல்லிவிட்டேன்.

"அக்கா, அந்த அலமாரிய நீங்க சொல்லி வெச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சேதான் போயி எடுத்துட்டு வந்தேன். நீங்க அனுப்புனதாப் பொய் சொன்னேன்."

"தெரியும்."

"எப்பங்கக்கா தெரியும்?"

"அந்த ஒண்ணாந்தேதியே. நானும் மாமாவும் வண்டியோட போயி நின்னோம். உங்க தங்கச்சி வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்களேன்னு கடைக்காரர் சொன்னாரு. மாமாவுக்கு முன்னால தலை குனிஞ்சு போச்சு. ஆமாங்க, நான்தான் சொன்னேன், மறந்துபோட்டேன்னு சொல்லிச் சமாளிச்சேன்."

"கோவம் வரலீங்களா?"

"வராம என்ன? ஊட்டுக்கு வந்து அழுதேன். உங்கூடப் பேச்சே வேண்டாம்னு நெனச்சேன்." சற்று மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தார். "அப்பறம்தான் மாடிப்படிக்குக் கீழ வெக்கச் சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை.

"கண்ணாடி போட்ட அலமாரிய யாராச்சும் இருட்டுல வெப்பாங்களா கண்ணு? வெளிச்சம் பட்டாத்தான அந்தப் பூவெல்லாம் தெரியும். நான் சொன்னா நீ மறுபேச்சு இல்லாம செய்வேன்னு தெரியும். எப்ப வந்தாலும் அது அங்கயே நிக்கிறதப் பாத்துட்டு மனசுக்குள்ள சிரிச்சுக்குவேன்."

எட்டு வருடம். எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருமல் வந்தும் நிற்கவில்லை. அந்த நாள் வரை அக்காவுக்குப் பொல்லாத்தனமே கிடையாது என்று நம்பியிருந்தேன். என்னைப் போலவே ஒருத்தி என்று தெரிந்ததும் கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

"அப்ப எங்கதான் வெக்கறதுங்கக்கா?"

"சொல்ல மாட்டேன்" என்றார். கடைசி வரை சொல்லவும் இல்லை.

சிகிச்சை இனிப் பலிக்காது என்று மருத்துவர் சொன்னதும், அக்கா சாளைக்குப் போக வேண்டும் என்றார். "உங்க ஊட்டுல ஒரு கொறையும் இல்ல அம்மணி. எனக்கு என்ற ஊடு வேணும்" என்றார். அப்போதும் எனக்குச் சுருக்கென்றது. அழைத்துப் போனோம். பன்னிரண்டு நாள் அங்கே இருந்தார். ஒரு காலையில் மாமா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, போதும் என்று தலையசைத்தார். பிறகு கண் திறக்கவில்லை.

இந்தத் துயரத்தில் எங்களோடு நின்ற எல்லோருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நரம்பு கிடைக்காமல் தவித்த நாட்களிலும் பொறுமையாகப் பேசி ஊசி போட்ட செவிலியர்களுக்கும், மருத்துவர்களுக்கும். மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்று, சிகிச்சை முடியும் வரை வெளியே காத்திருந்த வடவள்ளி ஆட்டோக்காரத் தம்பிக்கு. அந்தப் பன்னிரண்டு நாளும் சாளையில் அடுப்பை அணையவிடாத பக்கத்துத் தோட்டத்துப் பெண்களுக்கு. முறை வைத்து உடனிருந்த தையல் மாணவிகளுக்கு. லாரியை விற்றுவிட்டு அக்காவின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்த மாமாவுக்கு, அலமாரி விஷயத்தை ஊகித்திருப்பார் என்றாலும் இன்று வரை ஒரு சொல் கேட்காத அவருடைய பெருந்தன்மைக்கு.

அக்காவைக் கிடத்தியிருந்த அன்று சாளை கொள்ளாத கூட்டம். எனக்கு முகம் தெரியாத பெண்கள்கூட, "அக்கா, எங்கள உட்டுட்டுப் போயிட்டீங்களேக்கா" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவர்களுக்குப் பின்னால்தான் எனக்கு இடம் கிடைத்தது. அத்தனை பேர் வாயிலும் அக்கா என்ற சொல்லைக் கேட்கக் கேட்க, எழுந்து எல்லோரையும் வெளியே போகச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. அன்று யாரிடமாவது முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருந்தால் மன்னியுங்கள். உங்களுக்கெல்லாம் இன்னும் எத்தனையோ அக்காக்கள் இருப்பார்கள். எனக்கு இருந்தது ஒருவர்தான்.