முதுகு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டேன்

போன வருடம் தீபாவளி முடிந்த வாரம் அது. தம்போய் ஊரில் எங்கள் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, மிஞ்சிய முறுக்கை டப்பாவில் அடைத்துக்கொண்டே என் மனைவி சொன்னாள்: "நான் முடிவு பண்ணிட்டேன். மார்பைச் சின்னதாக்குற ஆபரேஷன் செஞ்சிக்கப் போறேன். இன்சூரன்ஸ் கொடுக்குமான்னு கேட்டு வைங்க."

என் வாயிலிருந்த முறுக்கு பாதிக் கடியில் நின்றுவிட்டது. நான் லோரிகளுக்கு ஸ்பிரிங்கும் பிரேக்கும் பார்க்கும் பட்டறைக்காரன். ஐம்பதைத் தாண்டிய பிறகும் எதையும் ஒரு ஜோக்கில் கழற்றிவிடும் ஆள் என்று பெயர். அன்று ஒரு ஜோக்கும் வரவில்லை.

அவள் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள். நின்றபடியே பெட்டி அடுக்க வேண்டும். உள்ளாடைப் பட்டி அழுத்தியே தோள்கள் இரண்டிலும் பள்ளம் விழுந்திருந்தது. புழுக்கத்தில் மார்புக்கு அடியில் தோல் வெந்து புண்ணாகும். இதையெல்லாம் வருடக்கணக்காகப் பொறுத்தவள்தான். ஆனால் சமீபமாக விரல்கள் மரத்துப்போய், தூக்கிய பெட்டி கைநழுவ ஆரம்பித்தது. இப்படியே போனால் வேலையும் நழுவிவிடும்.

எனக்கு வேறு பயம். மயக்க ஊசி போட்டு எழுந்திருக்காமல் போனால்? அதைச் சொல்லத் தைரியமில்லாமல், "இந்த வயசுல அழகுக்குப் பண்றான்னு பேசுவாங்க லா," என்றேன்.

"லோரியில முன்பக்கம் லோடு கூடிப்போச்சுன்னா என்னா செய்வீங்க? லோடை இறக்குவீங்களா, பின்னாடி தைலம் தேய்ப்பீங்களா?"

நான் இத்தனை காலம் வாங்கிக் கொடுத்த தைலப் புட்டிகள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தன.

எங்கள் இன்சூரன்ஸ் ஏஜண்டு என் சகலை, அதாவது அவள் தங்கையின் கணவர். நம் ஆட்களிடம் இது வழக்கம்தானே. குடும்பத்தில் ஒருத்தர் ஏஜண்டாகிவிட்டால் மாமன் மச்சான் முதல் எல்லோரும் அவரிடம்தான் பாலிசி எடுப்பார்கள். பிற்காலத்தில் அவருக்கே போன் போட்டு மனைவியின் மார்பைப் பற்றிப் பேச வேண்டி வரும் என்று கையெழுத்துப் போடும்போது யார் யோசிக்கிறார்கள்?

பட்டறைக்குப் பின்னால், பழைய டயர்களுக்கு மறைவில் நின்று போன் செய்தேன். திருட்டு டயர் விற்பவன்கூட அவ்வளவு பதுங்கமாட்டான்.

"சகல, உங்க அக்காவுக்கு ஒரு ஆபரேஷன்."

"ஐயோ, என்னா ஆபரேஷன்?"

"முதுகு," என்றேன். வலி முதுகிலும்தானே இருக்கிறது, அது எப்படிப் பொய்யாகும் என்று எனக்கு நானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன்.

நல்ல மனிதர், அன்றைக்கே கம்பெனியில் கேட்டுவிட்டார். கொஞ்ச நாளில் பதில் வந்தது. முதுகில் எந்த எலும்பு, எக்ஸ்ரே எங்கே என்று கேட்டிருந்தார்கள். சகலை என்னிடம் கேட்க, நான் வியர்த்து விறுவிறுத்து, "நடு எலும்பு," என்றேன்.

அதோடு விட்டாரா? நலம் விசாரிக்க அவளுக்கே போன் போட்டுவிட்டார். "அக்கா, நடு எலும்பாமே? ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்."

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு என்னைப் பார்த்தாள். நான் ஐஸ்பெட்டியைத் திறந்து அதன் கதவுக்குப் பின்னால் எதையோ தேடத் தொடங்கினேன்.

"எலும்புல ஒன்னும் இல்ல தம்பி. என் மார்பு கனம் அதிகம். அதனாலதான் கழுத்து, தோள், கை எல்லாம் போவுது. அதைக் குறைக்கணும். உங்க சகலைக்கு அதைச் சொல்ல வாய் வரல."

ஐஸ்பெட்டிக்குள் எனக்கு வியர்த்தது.

"அலமாக்! முன்னமே சொல்லியிருக்கலாம்லக்கா," என்றார் சகலை. "அழகுக்குன்னா கம்பெனி கொடுக்காது. நோவுக்குன்னா கேட்டுப் பார்க்கலாம். இதுக்காக எத்தனையோ கிளினிக் போயிருப்பீங்களே, அங்கெல்லாம் டாக்டர் இதை எழுதியிருப்பாங்கல்ல?"

எழுதவில்லை. எழுத விட்டால்தானே! டாக்டர் "என்ன செய்யுது?" என்று அவளைக் கேட்பார். அவள் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொள்வேன். "பழைய வண்டி டாக்டர், ஸ்பிரிங் போச்சு!" அவர் சிரித்துக்கொண்டே முதுகுவலி என்று எழுதி மாத்திரை கொடுப்பார். புண்ணுக்குப் போன அன்று வேர்க்குரு என்றேன். வெட்கத்தை மறைக்க நான் அடித்த ஜோக்குகளுக்கு அடியில் அவள் வலி ஆதாரமே இல்லாமல் புதைந்து கிடந்தது.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். அதே கிளினிக்குக்கு மறுபடி கிளம்பினாள். வாசலில், "நீங்க வெளிய உட்காருங்க," என்று மட்டும் சொன்னாள். எல்லாவற்றையும் டாக்டரிடம் அவளே சொன்னாள். கையும் கழுத்தும் தேறுமா என்று மாதக்கணக்கில் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஷிப்ட் முடிந்த களைப்போடு ஒரு நாள் விடாமல் போனாள். தேறவில்லை. அதுவும் இந்தத் தடவை சரியாகப் பதிவானது.

பிறகு பெரிய மருத்துவமனையில் நிபுணரைப் பார்த்தோம். கம்பெனிக்கு மார்பைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்றார்கள். படம் சகலை கைக்குப் போகுமோ, அடுத்த தீபாவளிக்கு அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சகலையோ எனக்கு முன்னாலேயே யோசித்திருந்தார். "அந்த ஃபைலை நான் தொடமாட்டேன் சகல. எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா இருக்காங்க, அவங்களே பார்த்துக்குவாங்க," என்றார். அந்த மனிதரிடம் போய் நடு எலும்பு கதை விட்டிருக்கிறேன்.

நிபுணர் ஒரு பெண்மணி. தாளில் படம் வரைந்து, எங்கே கீறுவோம், எதை எடுப்போம் என்று பேனாவால் காட்டினார். பேனா ஒரு வளைவு திரும்பியது வரைதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது, அவளைப் பரிசோதிக்க விரித்திருந்த கட்டிலில் நான் மல்லாந்து கிடந்தேன். மலாய்க்கார நர்ஸ் ஒருத்தி விசிறிக்கொண்டிருந்தாள். "ஆபரேஷன் உங்களுக்கா, இவருக்கா?" என்று டாக்டர் கேட்பது கேட்டது. என் மனைவி மரத்துப்போன அந்த விரல்களால் என் கையைப் பிடித்தபடி, "அவரு இப்படித்தான் டாக்டர். நீங்க சொல்லுங்க, எப்போ திரும்ப வேலைக்குப் போகலாம்?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

கம்பெனி மறுபடியும் விளக்கம் கேட்டது. அவள் மறுபடியும் கொடுத்தாள். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று முழுக்க நான் மருத்துவமனைக் கேன்டீனில் ஆறிப்போன தே தாரேக் டீயோடு உட்கார்ந்து, தெரிந்த சாமி எல்லோருக்கும் நேர்ந்துகொண்டேன்.

காயம் ஆறி முதல் ஷிப்ட் போய் வந்தவள், செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு ஒரு பெட்டிகூட விழல," என்றாள். நிமிர்ந்து நின்று சொன்னாள். அவள் உண்மையான உயரம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இன்றைக்கும் ஜோக் அடிக்கிறேன், அது பிறவிக்குணம். ஆனால் எந்த டாக்டராவது "என்ன செய்யுது?" என்று அவளைக் கேட்டால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன், அவள் வலியை அவளே சொல்லி முடித்த பிறகுதான் என் முறை.