மூக்கு செத்தவளும் சிர்கா ஜாடியும்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியோரமே பாதி ஆயுசைக் கழித்த கோவிந்தம்மாளுக்கு மூக்கு என்பது முகத்தில் சும்மா இருந்த சாமான். மல்லிகையும் பச்சைத் தோலும் அவளுக்கு ஒன்றுதான். இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. குழம்பு தீய்ந்தாலும் தெரியாதவள் என்று தெரிந்தால் மாமியார் ஊரெல்லாம் தண்டோரா போட்டுவிடுவாள். அப்படிப்பட்ட மகராசி அவள்.

எழுபத்தொன்பதாம் வருஷம், அடுத்த வீட்டு நசீமுன்னிசா தன் மகளின் பிரசவத்துக்கு வேலூர் போனபோது, கரும்புச் சாற்றைப் புளிக்க வைத்திருந்த சிர்கா ஜாடியை இவளிடம் விட்டுப் போனாள். ஊறுகாய்க்கும் வெங்காயத்துக்கும் ஊற்றுகிற காடிதான்.

"அப்பப்ப மோந்து பாரு. புளிப்பு வாசனைன்னா நல்லாக்கீதுன்னு அர்த்தம். அழுகின வாசனை வந்தா கெட்டுப்போச்சி."

கோவிந்தம்மாள் தலையாட்டி வைத்தாள். பாவம், வேறென்ன செய்வாள்?

ஒருநாள் ஜாடித் துணியை விலக்கினால், மேலே வழவழவென்று கெட்டியாக ஓர் ஆடை. வழவழத்த தோல் என்றால் கெட்ட தோல் என்று ஷாப்பில் தினமும் பார்க்கிறவள். குனிந்து மோந்தாள், ஒன்றும் தெரியவில்லை. வேறு யாரையாவது மோந்து பார்க்கச் சொல்லியிருக்கலாம். உனக்கென்ன கேடு என்று கேட்பார்களே. அத்தனையையும் சாக்கடையில் கவிழ்த்துவிட்டாள்.

திரும்பி வந்த நசீமுன்னிசா காலி ஜாடியைப் பார்த்து அதிர்ந்துபோனாள்.

"ஆடை கட்டினா கெட்டுப்போச்சா? அதாம்மா சாறை சிர்காவாக்குது. மோந்து பாக்கலியா நீ?"

பொய் நாக்கு நுனி வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"எனக்கு மூக்கு செத்து வருசக்கணக்காவுதுக்கா. வெளிய சொல்லிடாதீங்க."

"ஒரு சொட்டு நாக்குல வெச்சிப் பாத்திருக்கலாம் இல்ல?"

"உங்க வூட்டுப் பொருள்ல என் எச்சில் படலாமாக்கா?"

நசீமுன்னிசா காலி ஜாடியை எடுத்து ஓரமாக வைத்தாள். பல மாத உழைப்பு சாக்கடையில் போன வருத்தம் இருக்காதா? பிறகு உள்ளே போய், போன வருஷத்துச் சிர்காவில் கொஞ்சம் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். தன் விரலால் தொட்டு நக்கிவிட்டுக் கிண்ணத்தை நீட்டினாள்.

"நல்லது இப்படித்தான் இருக்கும். வெச்சிப் பாரு."

கோவிந்தம்மாள் தயங்கித் தயங்கித் தொட்டு நாக்கில் வைத்தாள். புளிப்பு சுள்ளென்று ஏறியது. அதே விரலால் மறுபடியும் தொட்டு வைத்துப் பார்த்தாள்.

கிண்ணத்தில் மீந்ததை நசீமுன்னிசா தன் வீட்டுச் சிர்காவோடேயே திரும்ப ஊற்றிவிட்டாள்.