திருப்பி அனுப்பிய ஆடு

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஹயாத் பாஷாவின் செருப்புக்கடையில் செருப்பு வாங்காதவர்கள் உண்டு. அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்காதவர்கள் கிடையாது. விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவனுக்கும் டீ, வழி கேட்க நின்றவனுக்கும் டீ. சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன் ஒருவன் ஒரே ரப்பர் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே மூன்று டீ குடித்துவிட்டுப் போனான் என்று அவர் மனைவி ஜாஹிதா சொல்வாள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறாள். ஆனாலும் அந்த வீட்டுக் காசு எந்தெந்த வழியாக வெளியே போனது என்று அவளைவிட நன்றாகச் சொல்ல ஆளில்லை.

இந்த விவரமெல்லாம் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தால் கதையே வேறாகியிருக்கும். பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரம் செய்த குடும்பத்துப் பெண் அவள். கூடையைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லக்கூடிய வீட்டில் வளர்ந்தவள். கட்டிக்கொண்டு வந்த பிறகு அந்தச் சாமர்த்தியத்துக்கு வேலையில்லாமல் போனது. பாஷா காலையில் செலவுக்குப் பணம் கொடுப்பார், கேட்டால் இன்னும் கொடுப்பார், ஏது பணம் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். மகன் ஃபயாஸ் ஐ.டி.ஐ. முடித்து சிப்காட்டில் ஒரு பைப் கம்பெனியில் சேர்ந்தான். மகள் நாஜியாவின் கல்யாணம் பொன்னேரியில் பெரிய மண்டபத்தில் நடந்தது. கூப்பிட்டது அறுநூறு பேரை, சாப்பிட்டது ஆயிரம் பேர். ஒருவரும் பசியோடு திரும்பக் கூடாது என்று பாஷா பந்திக்குப் பந்தி நின்று சிரித்துக்கொண்டிருந்தார். ஜாஹிதாவுக்கும் அன்று பெருமையாகத்தான் இருந்தது.

கல்யாணம் முடிந்து ஒரு வருஷத்தில், ஆரம்பாக்கத்திலிருந்து கல்பனா வந்தாள். பாஷாவோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகச் சுற்றிய சந்திரமோகனின் மனைவி. ஸ்டேஷனிலிருந்து வெயிலில் நடந்து வந்தவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தண்ணீர்கூட வேண்டாமென்றாள். சண்டை போடவில்லை, சத்தமும் போடவில்லை. நாஜியா கல்யாணத்துக்கு பாஷா வாங்கிய ஐந்து லட்சம் கடன் தங்கள் நெல்வயல் பத்திரத்தின் மேல் நிற்கிறது என்றாள். பாஷா பல மாதமாகத் தவணை கட்டவில்லை, ஃபைனான்ஸ்காரர்கள் நிலத்தை ஏலம் விடப்போவதாக நோட்டீஸ் அனுப்பிவிட்டார்கள் என்றாள்.

"எங்க ஊட்டுக்காரரு அவர ஒரு வார்த்த கேக்க மாட்டாரு. சிநேகிதம் பெருசு அவருக்கு. நான் வந்ததுகூட அவருக்குத் தெரியாது. அந்த நெலம் போச்சுன்னா எங்க ஊட்ல அடுப்பு எரியாது ஜாஹிதா" என்றாள்.

 மகள் கல்யாணத்தில் அந்த ஆயிரம் பேரும் யார் வீட்டுச் சோற்றைத் தின்றார்கள் என்பது ஜாஹிதாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கல்பனாவைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பியவளுக்கு வீட்டிலிருந்த ஏசி, சோபா, ஷோகேஸ் எதைப் பார்த்தாலும் கூசியது.

மத்தியானம் சாப்பிட வந்த பாஷாவிடம் கேட்டாள். அவர் மறுக்கவில்லை. வியாபாரம் மந்தம், பெருநாள் சீசனில் புரட்டிவிடலாம், மோகன் தப்பாக நினைக்க மாட்டான், எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"இத்தினி நாளு நீங்க பாத்தீங்க. இனிமே நான் பாக்குறேன்" என்றாள் ஜாஹிதா.

அன்று சாயங்காலத்திலிருந்து கடைக் கல்லாப் பணம் அவள் கைக்கு வந்தது. ஃபயாஸின் சம்பளமும் வந்தது. முதலில் போனது ஏசி. அடுத்து ஃபயாஸின் பைக். இனி கம்பெனி பஸ்ஸில் போ என்றபோது அவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், மூன்றாம் நாள் பஸ் ஏறினான். அந்த இரண்டையும் விற்ற காசில் நின்றுபோன தவணைகளைக் கட்டி ஏலத்தை நிறுத்தினாள். பொன்னேரி ஃபைனான்ஸ் ஆபீசுக்கு அவளே போய் வரிசையில் நின்று கட்டினாள். அங்கிருந்தவர் இன்னொரு தடவை தவறினால் பேச்சே கிடையாது என்று எச்சரித்தார். இனிமேல் என் மூஞ்சிதான் இங்கே வரும், தவறாது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பிறகு வீட்டுக்குள் புகுந்தாள். காலை நாஷ்டாவுக்குக் கடையிலிருந்து பூரியும் பாயாவும் வாங்குவது நின்றது. வெள்ளிக்கிழமைக் கறி முட்டைக் குழம்பாயிற்று. பால் பாதியாயிற்று. கடைக்கு வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுக்காதே என்றால் பாஷா செத்துப் போய்விடுவார் என்று தெரியும். அதனால் வீட்டிலேயே டீ போட்டு ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுத்தனுப்பினாள். ஃபிளாஸ்க் காலியானால் அன்றைய உபசாரம் முடிந்தது. அதுவரை ரேஷன் அரிசியை வாங்கி அப்படியே ரஹமத்பீயிடம் கொடுத்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் விதவை அவள், மூன்று தெரு தள்ளிக் குடியிருந்தாள். இப்போது அதில் பாதியை மட்டும் அவளுக்குக் கொடுத்துவிட்டு மீதியை வெந்நீரில் அலசி ஜாஹிதாவே வடித்தாள். முதல் நாள் பாஷா தட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், பிஸ்மில்லா சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். அந்த மனுஷரிடம் இந்த ஒரு நல்ல குணம் உண்டு. தப்பு தன் மேல் என்று தெரிந்தால் முரண்டு பிடிக்க மாட்டார்.

உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா. ஜாஹிதா கஞ்சத்தனம் பிடித்துப் போனாள், மருமகன் வந்தால்கூட முட்டை உடைத்து ஊற்றுகிறாள் என்று பழவேற்காடு வரை பேச்சு போனது. நாஜியா போனில் அழுதாள். உன் கல்யாணத்தில் தின்றவர்கள்தான் இப்போது பேசுகிறார்கள், பேசட்டும் என்று சொல்லி போனை வைத்தாள் தாய்.

இப்படியே ஒரு வருஷம் ஓடி அடுத்த பக்ரீத் நெருங்கியது. கடன் பெரும்பாலும் கரைந்திருந்தது. ஆனால் காலமும் நெருக்கியது. பத்திரம் கையில் இல்லாததால் போன சாகுபடிக்கு சந்திரமோகன் சொசைட்டியில் பயிர்க்கடன் வாங்க முடியாமல் வெளியே கந்து வட்டிக்கு வாங்கியிருந்தார். இந்த ஆடிக்குள் பத்திரம் வராவிட்டால் நாற்று விடப் பணமில்லை, நிலத்தையே விற்றுவிடலாமா என்று யோசிக்கிறார் என்று கல்பனா போனில் சொன்னாள். ஆடிக்குள் வரும் என்று ஜாஹிதா வாக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். ஒரு ஆட்டின் விலை இடித்தது.

ஹயாத் பாஷா வீட்டில் பக்ரீத் என்றால் குர்பானி கொடுக்கத் தனி ஆடு. மற்றவர்கள் ஏழு பேராகச் சேர்ந்து மாட்டில் பங்கு போட்டுக்கொள்வார்கள். இவர் அப்பா காலத்திலிருந்து ஒரு வருஷம் தவறாமல் வாசலில் ஆடு நின்றிருக்கிறது. கறியை மூன்று பங்காக்கி, ஏழைகளுக்கான பங்கைத் தன் கையாலேயே பை பையாகக் கொடுத்தால்தான் பாஷாவுக்குத் திருப்தி. கடன் இருப்பவர் முதலில் கடனை அடைக்கட்டும் என்று பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்தே வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் சொல்லியிருந்தார். அதைச் சாக்கிட்டு இந்த வருஷம் ஆடு வேண்டாமென்று ஜாஹிதா சொன்னாள். பாஷா தலையாட்டினார். அவ்வளவு சுலபமாக ஆட்டியதே அவளுக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் ஆரம்பாக்கத்து ஆட்டு வியாபாரி சின்னராசு டி.வி.எஸ். வண்டியில் ஒரு கொழுத்த கிடாவைக் கொண்டு வந்து வாசலில் கட்டினான். பாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார், மீதியை வாங்கிப்போக வந்தேன் என்றான். கிடா கொடியில் காய்ந்த ஃபயாஸின் கம்பெனிச் சட்டையைக் கடித்து இழுத்தது. ஜாஹிதா சட்டையைப் பிடுங்கிக்கொண்டு, கடையிலிருந்து பாஷாவை வரச் சொன்னாள்.

பாஷா வந்து ஆட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கைமாற்றாக வாங்கித்தான் அட்வான்ஸ் கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டார். "ரேஷன் அரிசி தின்னேன், ஒண்ணும் சொல்லல. இத மட்டும் உடு ஜாஹிதா. வாசல்ல வந்து நிக்கிறவங்களுக்கு நான் இன்னானு சொல்றது? ஊர்ல தல நிமிந்து நடக்க வேணாவா?"

  ஜாஹிதா இறங்கி வரவில்லை.

"இது சின்னராசு ஆடு இல்லீங்க. மோகன் அண்ணன் நெலம். அத அறுத்து ஊருக்குப் பங்கு வெச்சா குர்பானின்னு ஆண்டவன் ஏத்துக்குவானா?"

பாஷா கடைப் பக்கம் திரும்பி நடந்தார். சின்னராசு சங்கடப்பட்டான், ஆனால் நஷ்டப்படவில்லை. கடைசி இரண்டு நாளில் ஆட்டு விலை ஏறும் என்பது அவனுக்குத் தெரியாதா. அட்வான்ஸை முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த தெருவிலேயே கிடாவைக் கூடுதல் விலைக்குத் தள்ளிவிட்டுப் போனான். அந்தப் பணத்தில் ஜாஹிதா கைமாற்றை அன்றைக்கே திருப்பிக் கொடுத்தாள். மீதிப் பணத்துக்காக பாஷா அவளுக்குத் தெரியாமல் கடையில் பதுக்கி வைத்திருந்ததை வாங்கிக்கொண்டு மறுநாள் காலை பொன்னேரிக்குப் போய்க் கட்டிவிட்டு வந்தாள்.

பெருநாள் வந்தது. போன வருஷச் சட்டையைப் போட்டுக்கொண்டு பாஷாவும் ஃபயாஸும் தொழுகைக்குப் போய் வந்தார்கள். ஃபயாஸ் கூட்டாளிகளைப் பார்க்கக் கிளம்பினான். பாஷா உள்ளறைக்குப் போய் உட்கார்ந்தவர் வெளியே தலைகாட்டவில்லை. கதவைச் சாத்திவிடலாம் என்று ஜாஹிதாவுக்கும் தோன்றியது, சாத்தவில்லை. வாசலிலேயே நின்று, பையோடு வந்த ஒவ்வொருத்தியிடமும் இந்த வருஷம் நம் வீட்டில் இல்லையம்மா என்று சொன்னாள். சிலர் சரிம்மா என்று போனார்கள். சிலர் நம்பாமல் அவள் தோளுக்கு மேலே எட்டி உள்ளே பார்த்தார்கள்.

மத்தியானம் ரஹமத்பீ வந்தாள். அவளிடமும் அதையே சொல்ல ஜாஹிதா வாயெடுத்தாள். ரஹமத்பீ கையிலிருந்த பையை நீட்டினாள். நாலு வீட்டில் கொடுத்தார்கள், எனக்கு ஒருத்திக்கு எதற்கு இவ்வளவு என்றாள்.

"வருசா வருசம் இங்க இருந்து வாங்கினு போறேன். ஒரு வருசம் கொண்டாந்து குடுத்தா இன்னா?"

ஜாஹிதாவின் கை எழவில்லை. பைக்கை விற்றபோதும், ஃபைனான்ஸ் ஆபீசில் நின்றபோதும் வராத அழுகை அப்போது வந்தது. வேண்டாம் என்று சொல்லியிருப்பாள். எதிரே நிற்பவளின் முகம் வாடிவிடும் என்று தெரிந்ததால் வாங்கிக்கொண்டாள்.

குழம்பு கொதித்து வாசனை வந்ததும் பாஷா அடுப்படிக்கு வந்தார். ஏது என்று கேட்டார். சொன்னாள். முன்கூடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து சந்திரமோகன் வந்து சேர்ந்தார். ஒவ்வொரு பெருநாளுக்கும் பாஷா அழைத்து, வந்து பிரியாணி சாப்பிட்டுப் போகிறவர். இந்த வருஷம் அழைப்பில்லை. சின்னராசு பாஷாவிடம் ஆட்டுக்கு அட்வான்ஸ் வாங்கியது மட்டும் ஊரில் அவர் காதுக்குப் போயிருந்தது. ஆடு திரும்பிய கதை போகவில்லை. இத்தனை நாளாகக் கேட்காத பத்திரத்தைக் கேட்டுவிடலாம் என்றுதான் வந்திருந்தார். வாசற்படியில் நின்று மூச்சை இழுத்தார்.

"வாசன தெருமுனை வரிக்கும் வருது பாய். பெருநாள் நல்லா நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

 ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று ஜாஹிதாவுக்குத் தோன்றியது. ஆனால் இரவல் கறி என்று புருஷனை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது. கரண்டியும் கையுமாக அவள் தவித்து நிற்கையிலேயே பாஷா எழுந்து, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கிவிட்டார். எதிர்வீட்டில் கறி கூறு போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நில்லு மோகன்" என்றார். "எங்க ஊட்ல இந்த வருசம் குர்பானி இல்ல. ஜாஹிதா ஆட்ட திருப்பி அனுப்பிட்டா. அந்தப் பணம் உன் பத்திரத்துக்குப் போயிருக்குது. இன்னும் ஒரு தவணதான் பாக்கி. உள்ள வேகுறது எங்க கறி இல்ல. எங்க வாசல்ல வாங்கினு போன ரஹமத்பீ எங்குளுக்குக் குடுத்தது."

குரலைத் தாழ்த்தவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் கேட்டார்கள், அவர்களிடம் பங்குக்கு வந்து நின்ற பெண்களும் கேட்டார்கள். சந்திரமோகன் வண்டிக்கு ஸ்டாண்டைப் போட்டார். பாஷாவின் தோளில் கை வைத்து அவரையும் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வந்து, தட்டு வைம்மா, பசிக்கிறது என்றார். மூன்று பேருக்கு வைத்த குழம்பில் ஜாஹிதா இன்னும் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினாள்.

பத்திரம் ஆடி பிறந்த வாரத்திலேயே ஆரம்பாக்கம் போய்ச் சேர்ந்தது. சந்திரமோகன் சொசைட்டிக் கடன் வாங்கி நாற்று விட்டார். ஆனால் கடன் என்றைக்குத் தீர்ந்தது என்று ஜாஹிதாவைக் கேட்டால் அந்தத் தேதியைச் சொல்ல மாட்டாள். பெருநாள் அன்று மத்தியானம் அவர் செருப்பில்லாமல் தெருவில் இறங்கினாரே, அப்போது என்பாள்.