தட்டானுக்கு நட்ட கொடி

ஆற்றங்கரையில் நின்று தட்டான் எண்ணுவதற்கும் சம்பளம் கொடுப்பார்கள் என்பதை நான் சந்தித்த ஒருவரும் நம்பியதில்லை, என்னைப் பெற்றவர்கள் உட்பட. பறவை எண்ணுகிறவர்களே, தவளைக்காகக் காத்துக் கிடக்கிறவர்களே, வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போய் நாய்க்கடி வாங்கியவர்களே, உங்களுக்காவது என் வயிற்றெரிச்சல் புரியும் என்றுதான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் விலங்கியல் முடித்த கையோடு ஒரு கல்லூரியின் ஆராய்ச்சித் திட்டத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். அப்பாவின் அணுமின் நிலைய வேலையால் எங்களுக்கு அணுபுரத்தில் குடியிருப்பு. காலையில் மொபெட்டை எடுத்தால் பாலாறு. அங்கே எனக்கு ஒதுக்கப்பட்டது ஒரே ஓர் இனம். கறுப்பு உடம்பில் மஞ்சள் பட்டை, வால் நுனி மட்டும் தடித்து உருண்டிருக்கும். மற்ற தட்டான்களுக்குக் கண் இரண்டும் உச்சந்தலையில் ஒட்டிக்கொண்டிருக்க, இதற்கு மட்டும் தள்ளித் தள்ளி இருக்கும். தமிழில் இதற்கென்று தனிப்பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. வால்தடியன் என்று நானே வைத்துக்கொண்டேன். குளம், குட்டைப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. ஓடுகிற தண்ணீரும் அடியில் மணலும் வேண்டும்.

வானிலை அறிக்கை

கரைமேல் இருந்த டீக்கடைக்குச் செய்யூர்ப் பக்கத்து வேர்க்கடலை விவசாயி ஒருவர் வருவார். தட்டான் தாழப் பறந்தால் மழை, ஆகவே தட்டான் எண்ணுகிறவளுக்கு மழை அத்துப்படி என்பது அவர் முடிவு. நான் பொறுமையாகத்தான் விளக்கினேன். என் தட்டான் அப்படிக் கூட்டமாகச் சுற்றாது. தண்ணீரைப் பார்த்தபடி ஒரு கல்மேல் உட்கார்ந்திருக்கும். கொசு வந்தால் பாய்ந்து பிடித்துவிட்டு அதே கல்லுக்குத் திரும்பும். இன்னோர் ஆண் வந்தால் விரட்டிவிட்டு அதே கல்லுக்குத் திரும்பும். இதில் மழையைப் பற்றி ஒன்றுமே இல்லை என்றேன்.

அன்று சாயங்காலம் கொட்டு கொட்டென்று கொட்டியது. களத்தில் காயப்போட்ட அவருடைய கடலை அத்தனையும் நனைந்துவிட்டது. மறுநாள் டீக்கடையில் எல்லோர் முன்னாலும் என்னை நிற்கவைத்துக் கேட்டார்: "காலீலேர்ந்து அத்தயே பாத்துகினு குந்திகினு கீற, மழ வர்றது தெரிலன்னா இன்னாதாம்மா படிச்ச?"

கீழ்வீட்டு ஆன்ட்டி

எங்கள் குடியிருப்பில் கீழ்வீட்டு ஆன்ட்டி மதுரைக்காரர். நான் வெயிலில் கருகி, சல்வார் முழங்கால்வரை நனைந்து வந்து வண்டியை நிறுத்துவதற்குள் கூப்பிடுவார். சமையலறைத் தொட்டிக்கடியில் கரப்பான் இருக்கிறதாம், நான்தான் பூச்சி ஆளாம். முதுகலைப் பட்டம் வாங்கியவள் துடைப்பக்கட்டையோடு குனிந்து நின்றிருக்கிறேன், ஒரு தடவை இல்லை, பல தடவை. தாங்க முடியாமல் ஒருநாள், "ஆன்ட்டி, நான் பார்ப்பது தட்டான். அது கொசு தின்கிற நல்ல பூச்சி" என்று சொல்லித் தொலைத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது: "கொசுவத் திங்கும்ங்கிற, அதுல ரெண்டப் பிடிச்சாந்து எங்க வீட்ல விடாம, நோட்டுல எழுதிக்கிட்டுத் திரியுறியே, நல்லாருக்கா?"

லாரி நம்பர்

நான் நின்ற ஆற்று வளைவுக்கு ஒரு கிலோமீட்டர் மேலே மணல் லாரிகள். ஏற்றுகிற ஆட்களுக்கு மேஸ்திரி ஏழுமலை. கையில் நோட்டோடு ஒரு பெண் ஆற்றில் நின்றால் அவள் லாரி நம்பர் எழுதுகிறாள் என்றுதான் அர்த்தமாம். மூன்று நாள் என் பின்னாலேயே ஓர் ஆள் நின்றான். நான்காம் நாள் மேஸ்திரியே வந்து நோட்டைக் கேட்டார். பக்கம் பக்கமாக ஆண், பெண், கல், குச்சி என்று இருந்ததைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் அதிகமாகிவிட்டது.

வேறு வழியில்லாமல் சல்லடையால் மணலை அள்ளி, வெள்ளைத் தட்டில் கொட்டிக் காட்டினேன். மண் நிறத்தில், தட்டையாக, மயிர் முளைத்த ஒரு தட்டான் குஞ்சு. அதன் வாழ்நாளில் பெரும்பகுதி இப்படி மணலுக்குள்தான், இறக்கையோடு பறப்பது கடைசிச் சில வாரம்தான் என்றேன். கண்ணெதிரே அது மணலில் புதைந்து காணாமல் போனது. மூச்சு விட வால் நுனி மட்டும் வெளியே நின்றது. மேஸ்திரி குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். "இந்த வளைவுக்கு மட்டும் வராதீங்கண்ணா" என்று கேட்டேன். தலையை ஆட்டியபடி எழுந்தார்: "இதுவும் மணலத்தான் நம்பிகினு கீது, உன் வளைவாண்ட எங்களுக்கு இன்னாம்மா வேல, நீ நிம்மதியா எண்ணிகினு இரு!"

கைடு சொன்ன யோசனை

என் கைடு ஒரு பேராசிரியர். பாலாற்றை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அந்த வளைவுக்குக் கல்லூரியே பாதுகாப்புக் கேட்க வேண்டும் என்று பொங்கல் முடிந்த வாரம் அவரிடம் ஓடினேன். எனக்கு ஒதுக்கிய ஆற்றில் குஞ்சுகள் இருந்த ஒரே இடம் அந்த வளைவு. அவற்றின் முதுகில் இறக்கை மொட்டு உப்பிவிட்டது. சில நாளில் காலை வெயிலில் ஒவ்வொன்றாக மணல்மேல் ஏறி, முதுகு வெடித்து, தட்டானாக வெளியே வரும். ஒரு வருஷம் முழுக்க நான் காத்திருந்தது அதைக் கண்ணால் பார்ப்பதற்குத்தான். நான் மூச்சு வாங்கச் சொன்ன எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை: "மார்க் பண்ணாத இடம் சயின்ஸ்ல இடமே இல்லம்மா, நாலு மூலையிலயும் பளிச்சுனு கொடி நட்டுட்டு அப்புறம் வந்து பேசு."

திங்கட்கிழமை

வெள்ளிக்கிழமை நான்கு சவுக்குக் குச்சி வெட்டி, சிவப்பு ரவிக்கைத் துணியைக் கிழித்துக் கட்டி, நாலு மூலையிலும் நட்டேன். அழகாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை காலை போனால் வளைவு இல்லை. இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம், அடியில் கலங்கிய தண்ணீர், சுற்றிலும் டயர் தடம். உட்கார ஒரு கல்கூட மிச்சமில்லை. ஒரே ஒரு குச்சி மட்டும் துணியோடு சாய்ந்து நின்றது. அதன் நுனியில் ஓர் ஆண் வால்தடியன் உட்கார்ந்திருந்தது. பறந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே குச்சிக்குத் திரும்பியது. அடுத்த தலைமுறை முழுக்க லாரியில் ஏறிப் போய்விட்டது அதற்குத் தெரியாது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மேலே போய் ஏழுமலையை வாய்க்கு வந்தபடி திட்டினேன். வாக்குக் கொடுத்துவிட்டு இப்படிச் செய்யலாமா என்று அத்தனை ஆட்கள் முன்னாலும் கத்தினேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். உண்மையிலேயே மனம் நொந்துபோய்த்தான் சொன்னார்: "ஆத்துல செவப்புக் கொடி நட்டா, ஆபீசருங்க அளந்து உட்டாங்க, அள்ளிக்கோன்னு அர்த்தம்மா; நீ கொடி நடாங்காட்டி உன் எடத்துல ஒரு சட்டி மணலு அள்ளியிருக்க மாட்டோம்!"

அதற்குப் பிறகு எத்தனையோ ஆறுகளில் எத்தனையோ தட்டான்களை எண்ணிவிட்டேன், ஆனால் காப்பாற்ற வேண்டிய இடம் எது என்பதை மட்டும் இன்றுவரை ஒருவருக்கும், கைடு உட்பட, காட்டிக் கொடுத்ததில்லை.