அம்மாவின் முயல்

அறுத்த நெல்லைச் சூடு மிதித்து மணி பிரிக்கும் காலம் வந்தால் அம்மாவுக்குத் தொய்வு வரும், மூச்சு இழுக்கும். வைக்கோல் தூசு பட்டதும் நெஞ்சுக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்கும். ஐயா, அதாவது என் அப்பா, சைக்கிளில் போய் ஊரில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரியைக் கூட்டி வருவார். அவர் அதிரனலீன் ஊசி போடுவார். மூச்சு இளகும். ஆனால் கை நடுங்கி, இதயம் அடித்துக்கொள்ளும்.

"மூச்சைத் தந்திட்டு உயிரை உலுப்புது," என்பார் அம்மா.

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாப் பக்கம் குடியேறி வயல் செய்த குடும்பம் எங்களுடையது. அறுபதுகளின் நடுவில் நான் கொழும்பில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே மருந்து ஒரு தசையை இறுக்கி இன்னொன்றைத் தளர்த்துவது ஏன் என்பது அப்போது எங்களுக்குப் புதிய பாடம். மருந்து பற்றிக்கொள்ளும் இடங்களை ஏற்பிகள் என்பார்கள். அவற்றில் அல்பா, பீற்றா என்று இரண்டு வகை. முயல் குடலில் அதைப் பார்க்க வேண்டும். கல்லூரியில் வளர்த்த முயல்கள் நோயில் செத்துவிட்டன. யாராவது கொண்டுவர முடியுமா என்று விரிவுரையாளர் கேட்டார். நான் கையை உயர்த்தினேன்.

மாற்றலாகிப் போன நில அளவையாளர் ஒருவர் விட்டுப்போன வெள்ளை முயல்களை அம்மா வளர்த்து வந்தார். நாங்கள் மச்சம் மாமிசம் சாப்பிடாத வீடு. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது அம்மாவிடம் ஒன்றைக் கேட்டேன்.

"வளர்க்கவோ மகள்?"

"இல்லை அம்மா. கொன்றுதான் பாக்க வேணும்."

 அம்மா கூட்டுக்குள் கையை விட்டு, தானே ஒன்றைத் தூக்கிப் பனையோலைக் கடகத்தில் வைத்தார். "நோகாமல் செய்யச் சொல்லு," என்றார். இவ்வளவு சுலபமாகத் தருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதுதான் என்னை முதலில் உறுத்தியது.

மனிதக் கைக்குப் பழகிய முயல் அது. என் மடியில் அசையாமல் இருந்தது. அடித்துக் கொன்றவர் ஆய்வுகூட ஊழியர், பிடித்துக்கொண்டிருந்தது நான்.

அதன் குடலில் ஒரு துண்டை இளஞ்சூடான உப்பு நீரில் தொங்கவிட்டோம். அது சுருங்கி விரிய, அதோடு நூலில் கட்டிய முள் கரி பூசிய உருளையில் அலை அலையாய்க் கோடு கீறியது. அதிரனலீன் விட்டதும் தளர்ந்து நின்றது. அல்பாவை மறிக்கும் மருந்தை விட்டுப் பார்த்தோம், அப்போதும் தளர்ந்தது. வேறொரு துண்டில் பீற்றாவை மட்டும் மறித்தோம், அதுவும் தளர்ந்தது. இரண்டையும் சேர்த்து மறித்த பிறகு, எவ்வளவு அதிரனலீன் விட்டாலும் குடல் தன்பாட்டில் துடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு வகையும் அங்கே இருந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த மகிழ்ச்சிக்காகப் பிறகு வெட்கப்பட்டேன்.

சிறுபோக நெல் அறுவடை நேரம் விடுமுறையில் வீட்டில் நின்றபோது, ஒரு மத்தியானம் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. அப்போதிக்கரி ஊசியை எடுத்ததும் அம்மா கையை இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம். ஒரு சீவனைக் குடுத்திட்டு நான் மூச்சு வாங்கிறதோ?"

ஐயா என்னைப் பார்த்தார். அம்மாவின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. அம்மா சாய்ந்திருந்த கதிரையின் பக்கத்தில் முழந்தாளில் இருந்தேன்.

"அம்மா, உங்கட நெஞ்சு ஏன் திறக்குது, இதயம் ஏன் அடிக்குது எண்டு அதை வைச்சுத்தான் விளங்கினது. அது உங்களுக்காகத்தான்..."

"எனக்காக எண்டு சொல்லாதை," என்றார், சொல்லுக்குச் சொல் மூச்சிழுத்து. "உன்ர படிப்புக்கு."

உண்மைதான். கல்லூரியில் கை உயர்த்தியபோது அம்மாவின் தொய்வு என் நினைவிலேயே இல்லை.

"ஓம் அம்மா. என்ர படிப்புக்குத்தான். பாவம் எனக்கு. நீங்கள் ஊசியைப் போடுங்கோ."

அம்மா என் முகத்தையே பார்த்தார். பிறகு அப்போதிக்கரியிடம் கையை நீட்டினார். மூச்சு வந்தபின் நடுங்கும் கையால் என் தலையைத் தொட்டார். "குடுத்தது நான். எனக்கும் பங்கிருக்கு," என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. அந்தப் பங்கை அவர் தலையில் ஏற்றியவள் நான்தான்.

பீற்றாவும் ஒன்றல்ல, இதயத்தில் ஒரு வகை, மூச்சுக்குழாயில் இன்னொரு வகை என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள். இதயத்தை அவ்வளவாக உலுப்பாமல் நெஞ்சை மட்டும் திறக்கும், வாய்க்குள் விசிறி இழுக்கும் மருந்து வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"இதுக்கும் ஏதும் செத்ததோ?" என்று கேட்டார் அம்மா.

"ஓம், கனக்க."

அம்மா கண்ணை மூடினார். பிறகு மருந்துக்காக வாயைத் திறந்தார்.