தேதியில்லாத கடிதம்

நான்கு நீலப் பேனாக்களை மேஜைமேல் வைத்துக்கொண்டு, பழைய காகிதத்தில் ஒவ்வொன்றாகக் கிறுக்கிப் பார்த்த அந்தக் காலை அடிக்கடி ஞாபகம் வருகிறது. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் அப்போது நான் எச்.ஆர். மேனேஜர். பெயர்தான் பெரிது, முதலாளி அண்ணாச்சி சொல்வதை லெட்டர்ஹெட்டில் டைப் அடிப்பதுதான் வேலை. அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குச் சேரும் அன்றே, தேதி போடாத ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி, கவரில் போட்டு பீரோவில் வைத்துவிடுவார்கள். எனக்கு முன்பிருந்தே நடந்த விஷயம். நானும் வாயை மூடிக்கொண்டு அதைத் தொடர்ந்தேன்.

பட்டுப் பிரிவில் இருந்த அக்கா இருபத்திரண்டு வருஷமாக நின்றே வேலை பார்த்தவர். பட்டினப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். சம்பளத்தை நம்பி வீட்டில் நான்கு பேர். அந்த வருஷம் தீபாவளிக் கூட்டத்தில் ஒரு பெண் மயங்கி விழ, மறுநாள் அக்கா என் அறைக்கு வந்து, மாடிக்கு இரண்டு ஸ்டூலாவது போடச் சொன்னார். சட்டமே சொல்லும் விஷயம்தான். அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. "இன்னைக்கு ஸ்டூல் கேப்பாவ, நாளைக்குக் கட்டில் கேப்பாவ. அந்தம்மா கவரை எடுங்க தம்பி" என்றார்.

எடுத்தேன். கையெழுத்தின் மை நீலம், கொஞ்சம் வெளிறியிருந்தது. அதற்குப் பொருந்தும் பேனாவைத் தேடித்தான் அத்தனை கிறுக்கல். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குத் துப்பில்லாதவன், மை பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தேதி போட்டேன். அந்த அக்கறையை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அக்கா கடிதத்தை வெகுநேரம் பார்த்தார். தேதியை அல்ல, கையெழுத்தை. "பத்தொம்பது வயசுல போட்டது சார். சேர சொல்லோ நீட்டுனாங்க, போட்டேன். இன்னா எழுதிக்கீதுன்னு யாரும் சொல்லல" என்றார். அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு மாடிப்படி வழியாக இறங்கிப் போனார்.

இப்போது சின்ன முதலாளிகளுக்கு நிர்வாக ஆலோசனை சொல்வது என் தொழில். போன வாரம் மயிலாப்பூரில் ஒரு கூட்டம். தேதியில்லாத கடிதம் வாங்காதீர்கள், அது சட்டத்தில் நிற்காது, தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனால் பதில் சொல்ல முடியாது என்றேன். முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். "அட போங்க சார், எவன் போறான்?"

எல்லாரும் சிரித்தார்கள்.

அக்காவும் போகவில்லை. வேலை போன நான்காம் நாள் எனக்குப் போன் செய்து, "லேபர் ஆபீஸுக்குப் போய்ப் பாக்கட்டா சார்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க" என்று கேட்டார்.

"கையெழுத்து உங்களோடதுதானேக்கா. போனாலும் ஒண்ணும் நடக்காது" என்றேன்.

"சரி சார், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வைத்துவிட்டார்.