சிடிக்குச் சந்தனப் பொட்டு

இன்று காலை கிள்ளானில் ஒரு கோயில் வாசலில் என் செகண்ட் ஹேண்ட் காருக்குப் பூஜை. சிடி பிளேயர் இருக்கிறது என்பதற்காகவே தேடி வாங்கிய கார்.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு சிடி. போன வருஷம் தவறிப்போன அம்மா கோயிலில் பாடியது. வேறு பிரதி கிடையாது. நேற்றுத்தான் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு வரை பதமாகத் துடைத்து வைத்தேன்.

ஐயர் ஸ்டீயரிங்குக்குப் பொட்டு வைத்துவிட்டுப் போனார். தட்டு என் தங்கை புருஷன் கைக்கு வந்தது. டாஷ்போர்டு, கியர், கண்ணாடி எல்லாவற்றுக்கும் வைத்தான். அதோடு விட்டானா? சிடியை எடுத்துப் பளபளக்கும் பக்கத்தில் ஈரச் சந்தனத்தை அப்பி, நான் தடுப்பதற்குள் பிளேயருக்குள் தள்ளிவிட்டான்.

கரகரவென்று ஒரு சத்தம். பாட்டும் வரவில்லை, சிடியும் வெளியே வரவில்லை.

"அறிவிருக்காடா? அந்தப் பக்கத்துலதான்டா பாட்டே இருக்கு."

"மறுபக்கம் அத்தை பேரு எழுதியிருக்கு மச்சான். அது மேல வைக்க மனசு வரல."

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. திட்டவும் முடியவில்லை.

"காஞ்சா பாடும்லா. இப்ப யாரு சிடி கேக்குறா, போன்ல போட்டுக்கலாம்."

"எங்கம்மா உன் போன்லயாடா பாடினாங்க?"

சிடி பிழைக்குமா என்பது பிளேயரைக் கழற்றினால்தான் தெரியும் என்கிறார் கார் ஆடியோ கடைக்காரர்.

அடுத்த வாரம் அவன் புதுக் கார் எடுக்கிறான். அதில் யுஎஸ்பி ஓட்டை மட்டும்தானாம். சந்தனத்தை நானே கரைத்துக்கொண்டு போகிறேன். கூட வருகிறவர்கள் கை தூக்குங்கள்.